ஊர்ச்சாமான் என்றால் மருந்தில்லாச் சாமானா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிப்பவர்களுக்கும் விளங்கும். கொழும்பில் இருந்து மாற்றலாகி யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு வந்து 4 மாதம் ஆகிறது, வீட்டில் 2 சின்னப் பிள்ளைகள், இனிமேல் பருவத்துக்குப் பருவம் ஊர்த் தோட்டங்களில் விளைவதையே வாங்கிச் சமைக்க விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதம் எது வரும், சந்தையில் ஊர்ச்சாமானை எப்படி அடையாளம் காண்பது, தோட்டக்காரரிடம் நேரே வாங்கலாமா என்று மூன்று கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், “ஊர்ச்சாமான் என்றால் மருந்து அடிக்காததுதானே?” என்று ஒன்றைச் சேர்த்துவிட்டீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் நீங்கள் கேட்க வந்த கேள்வி என்று படுகிறது. பிள்ளைகளின் கோப்பையில் போடுவதை நம்பலாமா என்பதுதான் விஷயம்.

அதற்கு நேர்ப்பதில்: இல்லை. ஊர்ச்சாமானுக்கும் பூச்சிக்கும் நோய்க்கும் மருந்து அடிக்கிறார்கள். சில பயிருக்கு, சில மாதங்களில், நன்றாகவே அடிக்கிறார்கள். ஆனால் தம்புள்ளை மொத்தச் சந்தையில் இருந்து லொறியில் வரும் மூட்டையில் இல்லாத ஒரு வசதி ஊர்ச்சாமானில் இருக்கிறது. அடித்த ஆளை நேரே பார்த்து எப்போது அடித்தீர்கள் என்று கேட்கலாம்.

நான் வலிகாமத்தில் 31 வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டுக்குப் பின்னால் 6 பரப்புத் தோட்டம் செய்கிறேன். பயிரைப் பற்றி, மண்ணைப் பற்றி, மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்குப் படிப்பும் அனுபவமும் உண்டு. நான் வைத்தியன் இல்லை. எந்தச் சாப்பாடு எந்த வருத்தத்தை மாற்றும் என்று யாராவது என்னைக் கேட்டால் ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டுவேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: உத்தியோகம் தொடங்கிய புதிதில் நானே, பூச்சி இருக்கோ இல்லையோ, கிழமைக்கு ஒருக்கால் அடியுங்கள் என்று அட்டவணை எழுதிக் கொடுத்தவன். அந்தக் காலத்தில் எல்லோரும் படித்த படிப்பு அப்படி. அதனால் மருந்து அடிக்கிற கமக்காரரை வில்லனாக்கி எழுத எனக்கு வாய் வராது.

பருவத்தில் இருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில்தான் ஓடும். கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் மழைத்தண்ணீர், அதை இறைக்கக் கிணறு. அவ்வளவுதான் எங்கள் நீர்ப்பாசனம். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் இங்கே பருவத்தை வெயிலை வைத்து எண்ணுவதைவிட மழை ஓய்ந்து எத்தனை நாள் என்று எண்ணுவது சுலபம். சமையல் புத்தகத்தில் கோடைக்கால மரக்கறி, குளிர்கால மரக்கறி என்று போட்டிருந்தால் அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

தை பிறந்ததில் இருந்து பங்குனி வரைதான் எங்களுக்குப் பொற்காலம். மழை விட்டிருக்கும், இரவில் பனி, மண்ணில் ஈரம், கிணறு நிறையத் தண்ணீர். கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், இடைக்காடு பக்கத்துச் செம்மண்ணில் கரட், பீற்றூட், கோவா, தக்காளி எல்லாம் இந்த நேரத்தில்தான் ஒன்றாக வரும். மார்கழியை ஒட்டி நட்ட உருளைக்கிழங்கை மாசி, பங்குனியில் கிண்டுவார்கள். தோலைப் பெருவிரலால் தள்ளினாலே உரியும். அந்தக் கிழங்கைப் பால்கறி வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு மற்றக் கிழங்கு கொஞ்ச நாளைக்குப் பிடிக்காது. வயலில் காலபோக நெல் வெட்டி முடியும் நேரமும் இதுதான். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற ஊர் நெல் தேடுகிறீர்கள் என்றால் தை, மாசியில் சொல்லி வைத்துவிட வேண்டும், சித்திரைக்குப் பிறகு கேட்டால் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். பனங்கிழங்கும் இராசவள்ளியும் இந்த மாதங்களில்தான். இராசவள்ளியைத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் களியாகக் கிண்டிக் கொடுத்துப் பாருங்கள், கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளும் நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள்.

சித்திரை, வைகாசி, ஆனி பழத்தின் மாதங்கள். நுங்கு, வெள்ளரிப்பழம், பலா, மாம்பழம். மாம்பழத்துக்கும் பலாவுக்கும் தென்மராட்சிதான், சாவகச்சேரிச் சந்தைக்கோ கொடிகாமத்துக்கோ ஒருநாள் காலையில் போய்வாருங்கள். வெறும் மணத்துக்காகவே போகலாம். வேப்பம்பூவும் இந்தப் பருவத்துச் சரக்குத்தான். மரத்துக்குக் கீழே பாய் விரித்துப் பூவைக் கூட்டி எடுத்து வடகம் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வெயில் கடுமையாக ஏறியதும் கீரை, கரட், கோவா குறைந்துவிடும். அதே வெயிலில் முருங்கை குலை குலையாகக் காய்க்கும்.

ஆடியில் இருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று, தென்மேற்கில் இருந்து வீசுவது. வாழைக்குலை சரியும், பந்தல் ஆடும், ஆனால் மழை இல்லாததால் நோய் குறைவு. இறைப்பு வசதி உள்ளவர்கள் கத்தரி, வெண்டி, பயிற்றை, பாவல், புடோல், மிளகாய் என்று செய்துகொண்டிருப்பார்கள். பனம்பழம் விழும் காலமும் இதுதான், பனங்காய்ப் பணியாரம் சுடுகிற மணம் பின்னேரத்தில் ஒழுங்கைக்குள் வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் பாதி யாழ்ப்பாணம் மச்சம் (மீன், இறைச்சி) விட்டுவிடும். மரக்கறி விலை ஏறும். விளைச்சல் குறைந்ததால் ஏறும் விலை இல்லை அது, கேட்பவர் கூடியதால் ஏறும் விலை. அந்த நாட்களில் பருவத்துச் சாமான்தான் மலிவு என்ற கணக்குப் பலிக்காது.

பிறகு மழை. ஐப்பசிக் கடைசியில் இருந்து தை பிறக்கும் வரை ஊர்த் தோட்டத்தில் பஞ்சம்தான். வெள்ளம் நின்றால் கத்தரியும் மிளகாயும் வேர் அழுகிச் சாகும். சந்தையில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி வெளியில் இருந்து வந்ததாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் இந்த மாதங்களில் மனம் தளர்ந்துபோய், ஊர்ச்சாமான் வாங்குவது நடக்காத காரியம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலியைப் பாருங்கள். முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, மொசுமொசுக்கை, முடக்கொத்தான் எல்லாம் மழைக்குத்தான் தளதளவென்று வரும். யாரும் விதைக்கவில்லை, யாரும் மருந்தும் அடிக்கவில்லை. சந்தை வாசலில் சாக்கை விரித்து இலை விற்கும் ஆச்சிமாரிடம் வாங்கலாம். முசுட்டை இலையை ஊசியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் சோற்றுக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் வெயில் காலத்தில் வடகம் போட்டதும், மோர்மிளகாய் காய வைத்ததும், கிழங்கை ஒடியலாக்கியதும், வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டதும், பூசணியைப் பரணில் வைத்ததும் இந்த மூன்று மாதத்துக்காகத்தான். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு எங்கள் வீடு இதையும் மரவள்ளியையும் முருங்கையையும் நம்பித்தான் ஓடியது. அப்போது எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. மழை மாதத்தில் தம்புள்ளைப் போஞ்சி வாங்கினால் ஒரு குற்றமும் இல்லை.

சரி, இப்போது மருந்துக்கு வருவோம். பருவத்துக்கும் மருந்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த பிறகு நட்ட வெங்காயத்துக்கு நோய் குறைவு. விலை கூடும் என்று மழைக்குள் செய்யும் வெங்காயத்துக்கு இலை சுருண்டு மடியும் பங்கசு நோய் வரும், அதை நிறுத்த பங்கசுநாசினியைத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். முந்திரிகையும் (திராட்சை) அப்படித்தான். கவாத்துப் பண்ணிய கொடி துளிர்க்கும்போது மழையோ மந்தாரமோ பிடித்தால் தெளிகருவி தோளை விட்டு இறங்காது. ஆகவே பருவம் தப்பி, விலை உச்சியில் இருக்கும்போது சந்தைக்கு வரும் சாமான் பெரும்பாலும் கூடுதலாக மருந்து கண்ட சாமான். பருவத்தில் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு ருசியைவிடப் பெரிய காரணம் இதுதான்.

பருவத்தோடு சேர்த்து இன்னொரு பிரிவையும் மனத்தில் வைத்திருங்கள். இது தோட்டம் செய்யாதவர்களுக்குச் சட்டென்று ஓடாது. ஒரே தடவையாகப் பிடுங்கும் பயிர் ஒரு வகை: வெங்காயம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, பீற்றூட். நாள்விட்டு நாள் ஆயும் பயிர் இன்னொரு வகை: கத்தரி, பயிற்றை, வெண்டி, பாவல். ஒவ்வொரு மருந்துப் போத்தலிலும் அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று எழுதியிருக்கும். மருந்தைப் பொறுத்து அது சில நாளாகவும் இருக்கலாம், 2 கிழமையாகவும் இருக்கலாம். வெங்காயக்காரருக்கு அதைக் கடைப்பிடிப்பது கஷ்டமில்லை, கடைசி மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். கத்தரிக்காரரின் நிலைமை வேறு. தண்டையும் காயையும் துளைக்கும் புழு கத்தரியை விடாது. இன்று அடித்தால் நாளை மறுநாள் ஆய வேண்டிய காய் செடியில் நிற்கிறது, ஆயாவிட்டால் முற்றிவிடும், முற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள். ஒருவர் 10 நாள் பொறுப்பாரா மாட்டாரா என்பது அவருடைய மனச்சாட்சியையும் அந்தக் கிழமை அவருக்கு இருக்கும் கடனையும் பொறுத்தது. அதனால் உங்கள் முழுக் கவனத்தையும் இந்த இரண்டாவது வகையில் வையுங்கள். முருங்கைக்காய், பலாக்காய், வாழைப்பொத்தி, ஈரப்பலாக்காய், அகத்தி இவற்றை வீட்டு வளவுகளில் இருந்துதான் பெரும்பாலும் கொண்டுவருகிறார்கள், மருந்து அடிப்பது மிக அரிது. இவற்றை வாங்கும்போது நான் யோசிப்பதே இல்லை.

கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஊதாக் கத்தரி குவித்திருப்பார்கள். காம்பு பச்சையாக, முள்ளோடு, வெட்டிய வாய் ஈரமாக இருந்தால் அன்று காலை அல்லது முதல்நாள் பின்னேரம் ஆய்ந்தது. காம்பு சுருங்கி மண்ணிறமானால் பழசு. தோலில் ஊசி குத்தியது போலச் சின்னத் துளை, அதைச் சுற்றி மண்ணிறம் இருந்தால் உள்ளே புழு. இங்கேதான் பலர் ஒரு முடிவுக்குப் பாய்வார்கள்: புழு இருந்தால் மருந்து இல்லை, நல்ல காய் என்று. அது சரியில்லை. புழு காய்க்குள் போனபிறகு அடிக்கும் பல மருந்துகள் அதைத் தொடாது. கிழமைக்கு 2 தரம் அடித்த தோட்டத்திலும் புழுக்காய் வரும். அதேபோல ஒரு சொத்தையும் இல்லாத பளபள காய் எல்லாம் மருந்தில் குளித்தது என்றும் சொல்ல முடியாது, வலை கட்டிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணால் பார்த்துப் புதிதா பழசா என்று சொல்லலாம். மருந்து இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

ஊர்ச்சாமானா என்று கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம், ஆனால் அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. மலைநாட்டுக் கரட்டைப் பெரும்பாலும் கழுவித்தான் அனுப்புவார்கள். தை, மாசியில் இலையோடு கட்டி, செம்மண் ஒட்டியபடி கிடக்கும் கரட் எங்கள் தோட்டத்தது. பீற்றூட்டும் அப்படித்தான். கீரையைத் தூர இடத்தில் இருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது, அதனால் வாடாத கீரை ஏறக்குறைய எப்போதும் ஊர்க்கீரைதான். கதலி, இதரை வாழைக்குலை என்றால் நீர்வேலிப் பக்கமாக இருக்கலாம். அதற்கு மேல் அடையாளம் தேடுவதைவிட விற்பவரின் கடையைப் பாருங்கள். 20 வகை மரக்கறியும் ஒரே அளவில் அடுக்கி வைத்திருப்பவர் வியாபாரி, மொத்தமாக வாங்கி விற்பவர். அவரைக் குறை சொல்லவில்லை, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரு கடகம் கத்தரி, 2 பூசணி, கொஞ்சப் பச்சைமிளகாய் மட்டும் வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் செம்மண்ணோடு இருப்பவர்தான் நீங்கள் தேடும் ஆள். மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளில் வெள்ளெனப் போனால் காணலாம். 9 மணிக்குப் போனால் அவர் விற்றுவிட்டு இறைப்புக்குப் போயிருப்பார்.

அவரிடம் “இது மருந்து அடிக்காததோ?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோருடைய பதிலும் “ஓம், அடிக்கேல்லை” என்பதுதான். “அண்ணை, கடைசியா எப்ப மருந்து அடிச்சனீங்கள்?” என்று கேளுங்கள். அடித்திருக்கிறார் என்று நீங்களே ஏற்றுக்கொண்டு கேட்பதால் அவருக்குப் பொய் சொல்ல அவசியம் வராது. முதல் தடவை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இரண்டாம் கிழமை யோசித்துச் சொல்லுவார். எனக்கு வழமையாகக் கத்தரிக்காய் தரும் அக்கா ஒருவர், நான் கையை நீட்டியதும், “இண்டைக்கு வேண்டாம் சேர், வெள்ளிக்கிழமைதான் அடிச்சது, பூசணிக்காயைக் கொண்டு போங்கோ” என்று தானே தடுத்தார். அந்தப் பதிலைப் பெற எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது. அதற்குள் எத்தனையோ நாள் வளைந்த காயையும் வடிவில்லாத காயையும் முகம் சுளிக்காமல் வாங்கியிருக்கிறேன்.

நேரே தோட்டத்தில் வாங்கலாமா என்றால், தாராளமாக. அதில் அவர்களுக்கும் லாபம் இருக்கிறது. சந்தையில் மொத்தமாகக் கொடுக்கும்போது கழிவு என்று ஒன்று வெட்டும் வழக்கம் உண்டு. 100 கிலோ கொண்டுபோனால் 90 கிலோவுக்குத்தான் காசு. இதை நிறுத்தச் சொல்லிக் கமக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் ஒரு விலை பேசினால் இரண்டு பேருக்கும் நல்லது. ஆனால் சந்தை விலையைவிடக் குறைத்துத் தாங்கோ என்று நிற்காதீர்கள். அதோடு, 2 கிலோ சாமானுக்காக அவரை வேலையில் இருந்து எழுப்பினால் அவருக்கு நட்டம். உங்களைப் போல 4, 5 வீடு சேர்ந்து, கிழமையில் ஒரு நாள் என்று வைத்து, முதல்நாள் பின்னேரம் தொலைபேசியில் சொல்லிவிட்டால் அவரும் மதிப்பார். என்ன வேண்டும் என்று பட்டியல் கொடுக்காமல் என்ன இருக்கிறது என்று கேட்டு அதை எடுங்கள். அப்படித் தொடங்கியவர்கள் முதல் மாதத்தில் பாவற்காய் கூடிப்போய்ச் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், பிறகு சரியாகிவிடும். உங்கள் பகுதியில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அவருக்கு ஒவ்வொரு தோட்டமும் தெரியும், நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுவார், யாரும் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்பதில்லை.

“இயற்கை”, “சேதனம்” என்று எழுதி ஒட்டி, ஒன்றரை மடங்கு விலை சொல்லும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிதானமாக இருங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருடம் முடிவதற்குள் அதைக் கைவிட்டார்கள். உரத்தை நிறுத்தினால் நஞ்சும் நின்றுவிடும் என்று அந்த நேரத்தில் பலர் நினைத்தார்கள். உரம் வேறு, பீடைநாசினி வேறு. மாட்டெருவும் குழையும் போட்டு வளர்த்த கத்தரிக்கும் புழு வரும், அதற்கு மருந்தும் அடிக்கலாம். நான் ஒரு கடையில் சேதனக் கீரை என்று வாங்கி, பிறகு விசாரித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த தோட்டம் ஒன்றில் இருந்துதான் அது போயிருந்தது. அந்தத் தோட்டத்து யூரியா மூட்டையை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் இருந்தால் காட்டச் சொல்லுங்கள், உண்மையாகச் செய்பவர்கள் ஆசையோடு காட்டுவார்கள். நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் என்று ஒன்றும் இருக்கிறது. அது மருந்தே இல்லை என்பதற்கான சான்று இல்லை, அளவோடு, நாள் பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள் என்பதற்கான சான்று. எனக்கு அது போதும்.

மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்களா என்று யாராவது அடுத்துக் கேட்பார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல் என்பது கல்சியம் காபைட்டு. ஈரம் பட்டால் அசற்றிலீன் வாயு வரும், அது காயைப் பழுக்கத் தூண்டும். அதில் ஆசனிக்கு, பொசுபரசு கலந்திருக்கக்கூடும் என்பதால்தான் தடை. எத்திபோன் வேறு, அதில் இருந்து வருவது எதிலீன். காய் தானாகப் பழுக்கும்போது வெளிவிடும் அதே வாயு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் எது போட்டது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோலில் பச்சை கொஞ்சம் நிற்கும், காம்படியில் மணக்கும். தோல் ஒரே மஞ்சளாக, மணம் இல்லாமல், வெட்டினால் கொட்டைப் பக்கம் புளிப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. நான் செய்வது முற்றிய காயாக வாங்கி வைக்கோலுக்குள் வைப்பது. பங்குனியிலேயே யாராவது பழம் என்று காட்டினால் பார்த்துவிட்டு நடந்துவிடுவேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மண்ணும் தோலின் மேல் இருக்கும் மருந்தில் ஒரு பங்கும் போகும், இது நிச்சயம். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து கழுவிப் போகாது, இதுவும் நிச்சயம். உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினாகிரி எல்லாம் வெறும் தண்ணீரைவிடப் பெரிதாக எதையாவது செய்யும் என்று நான் உங்களுக்கு உறுதி தர மாட்டேன். தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள். சத்து விஷயத்தில், கீரையைப் பறித்த அன்றே சமைப்பதற்கும் 3 நாள் வெளியில் கிடந்த பிறகு சமைப்பதற்கும் உயிர்ச்சத்து சீயில் நல்ல வித்தியாசம் இருக்கும். கரட்டிலும் பூசணியிலும் அந்த அளவு வித்தியாசம் இல்லை. எங்கள் மண்ணில் விளைந்தது எங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் விஞ்ஞானமாக அதை எழுதிக் கையெழுத்து வைக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் செம்மண் ஆழமில்லாதது, அதற்குக் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுக்காத மிச்சம் தண்ணீரோடு இறங்கி நேரே கிணற்றுக்குப் போகிறது, மலசலகூடக் குழிகளில் இருந்து கசிவதும் அதோடு சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். 6 மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். உங்கள் பிள்ளைகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. கத்தரிக்காயில் எத்தனை நாளுக்கு முன் மருந்து அடித்தது என்று விசாரிப்பதற்கு முதல், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்லுவார்.

நீங்கள் எழுதியிருப்பது ஆனிக் கடைசியில். இந்தக் கிழமையே தொடங்குவதென்றால் சனிக்கிழமை காலை 6 மணிக்குத் திருநெல்வேலிக்குப் போங்கள். முருங்கைக்காய், பலாக்கொட்டை, பூசணிக்கீற்று, ஒரு பிடி வெங்காயம், பிந்திக் காய்த்த மாம்பழம் இருந்தால் அதுவும். கத்தரிக்காயை ஒரே ஒருவரிடம் மட்டும் கேட்டு வாங்கத் தொடங்குங்கள், கடைசி மருந்து எப்போது என்ற கேள்வியோடு. பிறகு கொக்குவில் வீட்டில் வேலி ஓரம் ஒரு முழம் இடம் இருந்தால், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் முருங்கைத் தடி ஒன்று நட்டுவிடுங்கள். கையின் தடிப்பில், ஆளின் இடுப்பளவு உயரத்தில், நல்ல காய்க்கிற மரத்தில் இருந்து வெட்டியதாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்க வேண்டாம், அடி அழுகிவிடும். மேல் வெட்டு வாயில் சாணி அப்பி விடுங்கள். பிறகு ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.